பதின்பருவப் போதை மீட்பு அமைப்புகளை நடத்துகிறவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளையைச் சேர்க்கப்போகும் பெற்றோர் அமைப்பின் தலைமையைப் பற்றி ஏன் விசாரிக்க வேண்டும்? சிகிச்சை நன்றாக இருந்தால் போதாதா?

சிகிச்சை நன்றாக இருக்கிறதா என்பதை வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்வது கடினம். கட்டடம் துப்புரவாக இருக்கலாம், வரவேற்பறைச் சுவரில் சான்றிதழ்கள் வரிசையாகத் தொங்கலாம், சேர்க்கைக்குப் பொறுப்பானவர் கனிவாகப் பேசலாம். ஆனால் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் மருந்தை மறுக்கும்போது, அல்லது இரவில் சுவரேறிக் குதிக்க முயலும்போது, அல்லது ஊழியர் ஒருவர் அவனைக் கைநீட்டி அடித்துவிடும்போது அடுத்து என்ன நடக்கும் என்பதை அமைப்பை நடத்துகிறவர்கள் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கிறார்கள், அல்லது தீர்மானிக்காமல் விட்டிருக்கிறார்கள். பெரியவர் ஒருவர் வெளியே வந்ததும் நடந்ததைச் சொல்லிவிட முடியும். பதின்பருவப் பிள்ளை சொல்லும் புகாரையோ, 'அங்கிருந்து தப்பிக்கக் கதை கட்டுகிறான்' என்று வீட்டாரே தள்ளிவிடுவதுண்டு. அதற்கு முன் அவன் எத்தனையோ பொய்களைச் சொல்லியிருப்பான் என்பதால் அவர்களை முற்றாகக் குறை சொல்லவும் முடியாது. அவன் சொல்லைக் கேட்கக் கடமைப்பட்ட ஒருவர் அமைப்புக்குள் இருக்கிறாரா என்பதே தலைமையைப் பற்றி விசாரிப்பதன் முதன்மை நோக்கம்.

'தலைமை' என்றால் யாரைச் சொல்கிறோம்?

பெரும்பாலானோர் நிறுவனரையோ இயக்குநரையோ மட்டும் நினைக்கிறார்கள். லாப நோக்கற்ற அமைப்பில் குறைந்தது மூன்று இடங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முதலாவது, சட்டப்படி அமைப்புக்குப் பொறுப்பான அறங்காவலர் குழு அல்லது செயற்குழு. அமைப்பு அறக்கட்டளையா, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ்ப் பதிவான சங்கமா, கம்பெனிகள் சட்டம் 2013இன் 8ஆம் பிரிவின்படி அமைந்த நிறுவனமா என்பதைப் பொறுத்து இதன் பெயரும் கடமைகளும் மாறும். சங்கம் என்றால் குறைந்தது 7 உறுப்பினர்களும் ஆண்டுதோறும் பொதுக்குழுக் கூட்டமும் வேண்டும்; அறக்கட்டளைக்குக் கணவனும் மனைவியுமாக இருவர் அறங்காவலராக இருந்தாலே காரியம் நடந்துவிடும். இரண்டாவது, அன்றாட நிர்வாகத்தைப் பார்க்கும் இயக்குநர் அல்லது திட்ட ஒருங்கிணைப்பாளர். மூன்றாவது, எவரைச் சேர்ப்பது, என்ன மருந்து தருவது, எப்போது வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவெடுக்கும் மருத்துவப் பொறுப்பாளர்.

சிறிய அமைப்புகளில் இம்மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிடுகின்றன. பணமும் ஆளும் குறைவாக உள்ள இடத்தில் அது இயல்பாகவே நேர்வது. ஆயினும் இந்தத் துறையில் நடந்த பெருந்தவறுகள் பலவும் அந்த ஒற்றை நாற்காலியிலிருந்து தொடங்கியவையே.

இத்தகைய அமைப்புகளைத் தொடங்குகிறவர்கள் பொதுவாக எத்தகையவர்கள்?

தம் வீட்டில் ஒருவரைப் போதைக்குப் பறிகொடுத்தவர்கள், தாமே போதையிலிருந்து மீண்டவர்கள், இந்நோயாளிகளை நாள்தோறும் கண்ட மருத்துவர்கள் என்று மூன்று வழிகளில் வந்தவர்களே மிகுதி.

மும்பையில் 1981இல் கிருபா அறக்கட்டளையைத் தொடங்கிய அருட்தந்தை ஜோ பெரெய்ரா இரண்டாம் வகை. குடிப்பழக்கத்திலிருந்து மீண்ட அவர், பி. கே. எஸ். அய்யங்காரிடம் கற்ற யோகப் பயிற்சியை மீட்பு முறையோடு இணைத்தார். 2009இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். புணேயில் 1986இல் முக்தாங்கண் மையத்தை அமைத்த அனிதா அவசட் மூன்றாம் வகை. ஏரவாடா மனநல மருத்துவமனையில் பணியாற்றிய மனநல மருத்துவரான அவரும், எழுத்தாளரான அவருடைய கணவர் அனில் அவசட்டும் சேர்ந்து அதைத் தொடங்கினார்கள். மராத்தி எழுத்தாளர் பு. ல. தேஷ்பாண்டேயும் அவருடைய மனைவி சுனிதாவும் தொடக்க நிதி கொடுத்து உதவினார்கள்.

முதல் வகைக்குத் தமிழ்நாட்டிலேயே நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு உண்டு: சென்னையின் சாந்தி ரங்கநாதன்.

சாந்தி ரங்கநாதனின் பணி இங்கே ஏன் முக்கியமாகிறது? அவருடைய மருத்துவமனை பெரியவர்களுக்கானது அல்லவா?

ஆம், சென்னை இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை முதன்மையாகப் பெரியவர்களுக்கு மது, போதைச் சிகிச்சை அளிப்பது. ஆனாலும் தலைமை என்னும் பொருளைப் பேசும்போது அதைத் தவிர்க்க முடியாது.

முன்னாள் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரனான டி. டி. ரங்கநாதன் குடிநோயால் 1979இல் இறந்தார். அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் மறு ஆண்டே, 1980இல், கணவரின் பெயரில் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினார். வசதியும் செல்வாக்கும் உள்ள குடும்பம். நினைவாகக் கட்டடம் ஒன்றை எழுப்பி, நன்கொடை கொடுத்துவிட்டு, ஆண்டுக்கொரு முறை விளக்கேற்றிப் போயிருக்கலாம். அவரோ சமூகப்பணி படித்தார், அமெரிக்காவில் பயிற்சி பெற்றார், தம் துயரத்தைத் தகுதியாகக் கொள்ளாமல் தகுதியைத் தனியே தேடிக்கொண்டார். மருத்துவர்களையும் ஆற்றுப்படுத்துநர்களையும் (கவுன்சலர்) செவிலியர்களையும் கொண்டு குழு அமைத்தார். நோயாளியோடு சேர்த்துக் குடும்பத்தாருக்கும் சிகிச்சைத் திட்டம் வகுத்தார். மன்னார்குடி, திருவாரூர்ப் பகுதிக் கிராமங்களுக்காக மஞ்சக்குடியில் முகாம்கள் நடத்தினார். பிற அமைப்புகளின் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1992இல் பத்மஸ்ரீயும், 1999இல் ஐக்கிய நாடுகள் அவையின் வியன்னா குடிமைச் சமூக விருதும் அவருக்குக் கிடைத்தன.

இவற்றுள் பதின்பருவ மீட்புக்கு மிகவும் பொருந்துவது, குடும்பத்தாருக்கும் சிகிச்சை தேவை என்று தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்ட முடிவு. பெரியவர்களின் சிகிச்சையில் அது வலுச்சேர்க்கும் அங்கம். பிள்ளைகளின் சிகிச்சையில் அதுவே பாதிப் பங்கு.

தாமே போதையிலிருந்து மீண்டவர் தலைவராக இருப்பது கூடுதல் தகுதி இல்லையா?

பிள்ளையின் அருகில் இருக்கும் பணிக்கு அது பெரிய தகுதி. போதையை நிறுத்தியதும் வரும் விலகல் அறிகுறிகளால் கைநடுங்கி, தூக்கமின்றித் தவிக்கும் ஒருவனிடம் 'நானும் இப்படித்தான் கிடந்தேன்' என்று சொல்லக்கூடியவருக்குக் கிடைக்கும் நம்பிக்கை, பட்டம் பெற்றவருக்கு எளிதில் கிடைப்பதில்லை. மத்திய அரசின் நிதியுதவியோடு நடக்கும் ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்களிலும் மீண்டு வந்தவர்களுக்கென்றே பணியிடம் உண்டு.

ஆனால் அமைப்பின் உச்சியில் அதுவே சிக்கலாகவும் மாறலாம். ஒருவர் எந்த வழியில் மீண்டாரோ அந்த வழியே எல்லாருக்கும் உரியது என்று நம்பத் தொடங்குவது மனித இயல்பு. நாற்பது வயதில் வேலையையும் குடும்பத்தையும் இழந்து, அடிமட்டத்தைத் தொட்ட பிறகு திருந்தியவருக்குப் பதினாறு வயதுப் பிள்ளையும் 'அடிமட்டத்தைத் தொட வேண்டும்' என்று தோன்றிவிடுகிறது. அந்தப் பிள்ளைக்கோ இழப்பதற்கு இருப்பது பள்ளிப்படிப்பும் தாய் தகப்பனும்தான், அவற்றை இழக்கவிட்டுக் காத்திருப்பது சிகிச்சையாகாது. என் கருத்தில், மீண்டவர் தலைவராக வரலாம். ஆனால் அவருடைய சொந்த வரலாறு அவர் எடுக்கும் சிகிச்சை முடிவுக்குச் சான்றாகக் காட்டப்படும் இடத்தில் பெற்றோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

நிறுவனரின் ஆளுமையே அமைப்பைக் கெடுத்த எடுத்துக்காட்டுகள் உண்மையில் உண்டா?

உண்டு. அமெரிக்காவின் வரலாறு இதில் மிகவும் விரிவாகப் பதிவாகியிருப்பதால் அதைச் சற்று நிதானமாகச் சொல்லலாம்.

குடிப்பழக்கத்திலிருந்து மீண்ட சார்லஸ் டெடரிக் 1958இல் கலிஃபோர்னியாவில் சினனான் என்னும் குடியிருப்பைத் தொடங்கினார். ஹெராயின் பழக்கமுள்ளவர்களுக்கு நம்பிக்கையே இல்லை என்று மருத்துவ உலகம் கைவிட்டிருந்த காலத்தில், அவர்களே சேர்ந்து வாழ்ந்து ஒருவரையொருவர் மீட்கலாம் என்று காட்டியதால் நாடே அதை வியந்தது. அங்கே வட்டமாக அமர்ந்து ஒருவரை மற்ற எல்லாரும் கடுஞ்சொற்களால் தாக்கும் கூட்டு அமர்வுக்கு 'விளையாட்டு' என்று பெயர். பழைய வாழ்க்கையின் பொய்களை உடைக்க வந்த அந்த முறை, காலப்போக்கில் தலைவரை எதிர்ப்பவர்களை ஒடுக்கும் கருவியானது. 1970களில் நீதிமன்றங்கள் சிறார்களையும் அங்கே அனுப்பின. தலையை மழிப்பது, ஆண்களுக்குக் கருத்தடை அறுவை, தம்பதியரைப் பிரித்து வேறு இணை சேர்ப்பது என்று தலைவரின் ஒவ்வொரு எண்ணமும் சட்டமாயிற்று. வேண்டாம் என்று சொல்லக்கூடிய குழு எதுவும் அங்கே இல்லை. அமைப்பை எதிர்த்து வழக்காடிய வழக்கறிஞர் ஒருவரின் அஞ்சல் பெட்டியில் 1978இல் கிலுகிலுப்பைப் பாம்பு வைக்கப்பட்டது. கடித்தும் அவர் பிழைத்தார். அந்தக் கொலைச் சதிக் குற்றச்சாட்டை மறுத்து வாதாடப்போவதில்லை என்று டெடரிக் 1980இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 1991இல் சினனான் மறைந்தது.

ஆனால் அதன் முறை மறையவில்லை. நேராகப் பதின்பருவப் பிள்ளைகளுக்கென்றே ஃபுளோரிடாவில் 1970இல் ஆர்ட் பார்க்கர் என்பவர் தொடங்கிய சீட் என்னும் அமைப்பில் அந்தக் கூட்டுத்தாக்குதலின் சாயல் இருந்தது. அமெரிக்க மேலவையின் துணைக்குழு ஒன்று 1974இல் அளித்த அறிக்கை, அதன் முறைகளைக் கொரியப் போரில் வட கொரியர் கைக்கொண்ட மூளைச்சலவை உத்திகளோடு ஒப்பிட்டது. பிறகு 1976இல் அதே மாநிலத்தின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் சீட்டின் வழியை ஒட்டி ஸ்ட்ரெயிட் என்னும் அமைப்பு தோன்றிப் பல மாநிலங்களுக்குப் பரவியது. புதிதாகச் சேர்ந்த பிள்ளை நாள் முழுதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும்; எங்கே போனாலும் மூத்த பிள்ளை ஒருவன் அவனுடைய இடுப்புப் பட்டை வளையத்தைப் பின்னாலிருந்து பற்றியிருப்பான்; இரவில் தன் வீட்டுக்குப் போகாமல் அந்த மூத்த பிள்ளையின் வீட்டில் பூட்டிய அறையில் தூங்க வேண்டும். பிள்ளைகளைப் பிள்ளைகளே காவல் காத்தார்கள்.

அப்படியானால் சமூகத்தில் மதிப்பும் செல்வாக்கும் உள்ளவர்கள் அறங்காவலராக இருந்தால் இவற்றைத் தடுக்கலாம் அல்லவா?

ஸ்ட்ரெயிட் அமைப்பே இதற்கு மறுமொழி. அதைத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர்கள் மெல் செம்ப்ளர், பெட்டி செம்ப்ளர் தம்பதியர். மெல் செம்ப்ளர் பெரும் கட்டுமானத் தொழிலதிபர்; அரசியல் நிதி திரட்டுபவர்; பின்னாளில் ஆஸ்திரேலியாவுக்கும் இத்தாலிக்கும் அமெரிக்கத் தூதராக இருந்தவர். அதிபரின் மனைவி நான்சி ரீகன் அந்த மையத்துக்கு வந்து பாராட்டினார்; 1985இல் இளவரசி டயானாவையும் அழைத்து வந்தார். இதற்கெல்லாம் முன்பே, 1983இல், அங்கே சேர்ந்திருந்த தம்பியைப் பார்க்கப் போன கல்லூரி மாணவர் ஒருவர் தம்மை விருப்பத்துக்கு மாறாக அடைத்து வைத்ததாகத் தொடுத்த வழக்கில், நடுவர் குழு 2,20,000 டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்திருந்தது. தீர்ப்புக்குப் பிறகும் விருந்தினர்கள் வந்துகொண்டிருந்தார்கள். வழக்குகளும் அரசு விசாரணைகளும் சூழ்ந்த நிலையில் 1993இல்தான் அது மூடப்பட்டது.

அறங்காவலர்கள் நல்லெண்ணம் உடையவர்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர்களுடைய செல்வாக்கு பிள்ளைகளைக் காக்கும் அரணாக இல்லாமல் அமைப்பைக் காக்கும் அரணாகப் பயன்பட்டது. நம் ஊரில் விழா அழைப்பிதழில் ஓய்வுபெற்ற நீதிபதி, முன்னாள் துணைவேந்தர், திரைக்கலைஞர் என்று பெயர்கள் அடுக்கப்பட்டிருக்கும்போதும் இதையே கேட்க வேண்டியிருக்கிறது: இவர்கள் கடைசியாக எப்போது கூடினார்கள், எந்தக் கணக்கைப் பார்த்தார்கள், எந்தப் பிள்ளையிடம் தனியே பேசினார்கள்?

பதின்பருவத்தினருக்குத் தனித் தகுதியுள்ள தலைமை எதற்கு? பெரியவர்களுக்கான மையத்தில் ஒரு பிரிவு போதாதா?

போதாது என்றே சொல்ல வேண்டும். டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தின் தேசிய போதைச் சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வில், நுகர்ந்து போதை ஏற்றும் பொருள்களின் பயன்பாடு பெரியவர்களிடம் 0.58 சதவீதமாகவும் 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் 1.17 சதவீதமாகவும் இருந்தது. பிள்ளைகள் பெரியவர்களை மிஞ்சிய ஒரே பிரிவு இதுதான். அதற்காக மட்டும் உதவி தேவைப்படும் பிள்ளைகள் ஏறத்தாழ 4.6 லட்சம் பேர் என்று அவ்வாய்வு மதிப்பிட்டது. பெயின்ட் தின்னர், பஞ்சர் ஒட்டும் பசை, ஒயிட்னர் போன்றவற்றை முகர்ந்து பழகிய பன்னிரண்டு வயதுத் தெருவோரப் பிள்ளைக்கும், முப்பது ஆண்டு குடித்தவருக்கும் ஒரே கால அட்டவணையில் வகுப்பெடுக்க இயலாது. டெல்லியில் எஸ்.பி.ஒய்.எம். என்னும் தொண்டு நிறுவனம் போன்ற அமைப்புகள் சிறார்களுக்கென்றே தனி மையங்களை நடத்துவதன் காரணம் இதுவே.

இன்னொரு காரணம் பலரும் அறியாதது. சிக்கலான பிள்ளைகளை ஒரே குழுவாக அமர்த்திப் பேசவைப்பதே சில நேரங்களில் தீங்கு விளைவிக்கும் என்பதை தாமஸ் டிஷியன், ஜோன் மெக்கார்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1999இல் எடுத்துக்காட்டினார்கள். குழுவில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் தம் சாகசங்களைச் சொல்லிச் சிரித்து, அதுவே ஊக்கமாகி, புகைப்பழக்கமும் முரட்டு நடத்தையும் கூடிப்போயின. குழுச் சிகிச்சையே கூடாது என்பது இதன் பொருளன்று. தேர்ந்தவர் வழிநடத்த வேண்டும், குடும்பத்தோடு நடத்தும் சிகிச்சைக்கு மாற்றாக அதை வைக்கக் கூடாது. இதை அறிந்த மருத்துவப் பொறுப்பாளர் இல்லாத அமைப்பு, பெரியவர்களுக்கான முறையைச் சின்ன அளவில் வெட்டிக் கொடுப்பதோடு நின்றுவிடும்.

பள்ளியும் இதில் அடங்கும். அமெரிக்காவில் மீட்புநிலைப் பிள்ளைகளுக்கென்றே உயர்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் படித்தவர்களுள் ஆறு மாத முடிவில் போதையை முற்றிலும் தவிர்த்திருந்தோர் விகிதம், ஒப்பிட எடுத்துக்கொண்ட மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்ததாக ஆண்ட்ரூ ஃபின்ச் குழுவினரின் ஆய்வு கூறுகிறது. இப்பள்ளிகளில் தலைமையாசிரியரும் ஆற்றுப்படுத்துநரும் சமநிலையில் பணியாற்றுகிறார்கள். எனினும் மினசோட்டாவில் 1989இல் தொடங்கி இவ்வகைக்கு முன்னோடியாக விளங்கிய சொப்ரைட்டி ஹை பள்ளி 2013இல் நிதி நெருக்கடியால் மூடப்பட்டது. நிதியைப் பற்றி யோசிக்கத் தெரிந்தவரும் தலைமையில் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இந்தியச் சட்டம் இத்தகைய அமைப்பின் பொறுப்பாளரிடம் என்ன எதிர்பார்க்கிறது?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மது, போதை சார்ந்த மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் கொண்டுவருகிறது. ஆகவே உள்நோயாளிகளை வைத்திருக்கும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். 18 வயதுக்குட்பட்டவரைச் சேர்க்கும் முறையை 87ஆம் பிரிவு விரிவாகச் சொல்கிறது. இரண்டு மனநல மருத்துவர்களோ, ஒரு மனநல மருத்துவரோடு மனநல வல்லுநர் அல்லது பொது மருத்துவர் ஒருவரோ பிள்ளையைத் தனித்தனியே பரிசோதித்து, சேர்க்கை தேவை என்று முடிவு செய்திருக்க வேண்டும். பெரியவர்களிடமிருந்து பிரித்துத் தங்கவைக்க வேண்டும். பெற்றோரோ அவர்கள் அமர்த்தியவரோ முழுக்காலமும் உடனிருக்க வேண்டும். சேர்க்கையை 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 'மூன்று மாதம் பெற்றோர் வரவே கூடாது, அப்போதுதான் திருந்துவான்' என்று சொல்லும் மையம் இந்தச் சட்டத்தின் எழுத்துக்கே எதிராக நிற்கிறது.

சங்கிலியால் கட்டுவதை 95ஆம் பிரிவு எந்த வடிவிலும் தடைசெய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்தப் பிரிவின் தேவையை விளக்க வேண்டியதில்லை.

இளைஞர் நீதிச் சட்டம் 2015, குழந்தைகளைப் பராமரிக்கும் நிறுவனங்களின் பதிவைக் கட்டாயமாக்குகிறது. பராமரிப்பை ஏற்ற நிறுவனத்தில் பணிபுரிகிறவரோ அதை நடத்துகிறவரோ பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் 5 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க 75ஆம் பிரிவு வழிசெய்கிறது. பாலியல் குற்றங்களைப் பொறுத்தவரை, தம் கீழ்ப் பணியாற்றுகிறவர் செய்த குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளரை போக்சோ சட்டத்தின் 21ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறைக்கு அனுப்பும். 'அமைப்பின் பெயர் கெட்டுவிடும்' என்று உள்ளுக்குள்ளேயே பேசி முடித்துவைக்கும் இயக்குநர் குற்றவாளியாகவே கருதப்படுவார்.

நிறுவனருக்குப் பின் அவருடைய மகனோ மகளோ பொறுப்பேற்பது தவறா?

தவறென்று பொதுவாகச் சொல்ல முடியாது. முக்தாங்கணில் அனிதா அவசட் 1997இல் புற்றுநோயால் இறந்த பிறகு, உளவியல் பயின்ற அவருடைய மகள் முக்தா புணதாம்பேகர் படிப்படியாகப் பொறுப்புகளை ஏற்றார். மையம் தளரவில்லை, வளர்ந்தது. வாரிசுக்குத் துறைப்படிப்பும் கீழ்நிலைப் பணி அனுபவமும் இருக்கின்றனவா, அவரை நியமித்ததும் தேவையானால் நீக்கக்கூடியதும் குடும்பத்துக்கு வெளியே உள்ள உறுப்பினர்களைக் கொண்ட குழுவா என்பவற்றைத்தான் பார்க்க வேண்டும். குழுவில் பெரும்பான்மையோர் ஒரே வீட்டார் என்றால் அந்தக் குழு கூடுவதும் கூடாதிருப்பதும் ஒன்றே.

சேவை அமைப்பின் தலைவர் சம்பளம் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். முழுநேரம் உழைக்கும் இயக்குநருக்கும் மருத்துவருக்கும் முறையான ஊதியம் வேண்டும். அது தணிக்கையான கணக்கில் வெளிப்படையாக இருக்க வேண்டும், அவ்வளவே. சம்பளமே வாங்காத தலைவர் என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அமைப்பில், அவர் பெயரிலான கட்டடத்துக்கு வாடகையாக எவ்வளவு போகிறது என்று பார்ப்பது நல்லது.

மீண்ட இளைஞர்களுக்கே நிர்வாகத்தில் இடம் கொடுக்க வேண்டுமா?

ஆலோசனைக் குழுவில் கொடுப்பது பயனுள்ளது. கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, அலைபேசியில் வீட்டாரோடு பேசும்போது ஊழியர் பக்கத்தில் நிற்கிறார் என்பன போன்றவற்றை அறங்காவலர்களுக்குச் சொல்லக்கூடியவர்கள் அவர்களே. ஆனால் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு இன்னொரு பிள்ளைமீது அதிகாரம் கொடுப்பது வேறு. ஸ்ட்ரெயிட்டின் இடுப்புப் பட்டை வளையம் அதில்தான் தொடங்கியது. இளைஞர்களின் மீட்புக் கதைகளை மேடையேற்றி நன்கொடை திரட்டுவதையும் தவிர்க்க வேண்டும். பதினேழு வயதில் கொடுத்த பேட்டி, இருபத்தைந்து வயதில் வேலைக்கோ திருமணத்துக்கோ குறுக்கே வந்து நிற்கும்.

மையத்துக்கு நேரில் போகும்போது என்னென்ன கேட்கலாம்?

மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள், எந்த நேரத்தில் வருகிறார் என்று கேட்டு, அந்த நேரத்தில் முன்னறிவிப்பின்றி மறுபடி போய்ப் பாருங்கள். பிள்ளைகள் தங்கும் அறையைப் பார்க்க விடுகிறார்களா என்பதைக் கவனியுங்கள். ஆற்றுப்படுத்துநர்கள் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார்கள் என்பது மிக எளிய, மிகப் பயனுள்ள கேள்வி. ஆறு மாதத்துக்கொருவர் மாறும் இடத்தில் கோளாறு பெரும்பாலும் மேலிருந்தே வருகிறது. பிள்ளை மீண்டும் பழக்கத்துக்குத் திரும்பினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு, பதிலில் தண்டனை முதலில் வருகிறதா மறுமதிப்பீடு முதலில் வருகிறதா என்று பாருங்கள். 'எங்களிடம் நூற்றுக்கு நூறு வெற்றி' என்பவரிடம் மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டியதில்லை.

இயக்குநரிடம் ஒரு கேள்வியை மட்டும் நேரில் கேட்க வாய்ப்புக் கிடைத்தால், கடந்த ஆண்டில் அறங்காவலர் குழு அவர் சொன்ன எதையாவது ஏற்க மறுத்ததா என்று கேளுங்கள். நன்றாக நடக்கும் அமைப்பின் இயக்குநருக்கு அப்படிச் சொல்ல ஏதேனும் ஒன்று இருக்கும். பெரும்பாலும் சற்று எரிச்சலோடுதான் சொல்வார்.

தவறு நடப்பதாகத் தெரிந்தால் யாரிடம் முறையிடுவது?

பிள்ளைக்கு உடனடி ஆபத்து என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்டக் குழந்தைகள் நலக்குழுவுக்கு அங்கே உள்ள பிள்ளையை மீட்டு வேறிடத்தில் தங்கவைக்க அதிகாரம் உண்டு. சிகிச்சை, சேர்க்கை முறை, கட்டிவைத்தல் பற்றிய புகார்களை மனநல மறுஆய்வு வாரியத்திடமும் மாநில மனநல ஆணையத்திடமும் எழுத்தில் கொடுக்கலாம். மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமும் தானாகவே விசாரணையைத் தொடங்க வல்லது. எங்கே சேர்ப்பது என்றே தெரியாத நிலையில் இருப்பவர்கள் 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணிலோ, 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணிலோ கட்டணமின்றிப் பேசலாம். புகாரில் நாள், நேரம், ஊழியரின் பெயர், பிள்ளை சொன்ன சொற்கள் ஆகியவற்றை நீங்கள் திருத்தாமல் அப்படியே எழுதிக் கொடுங்கள்; அதன் ஒரு படியை அமைப்பின் அறங்காவலர்கள் ஒவ்வொருவருக்கும் பதிவு அஞ்சலில் அனுப்பிவிட்டால், தங்களுக்குத் தெரியாது என்று பின்னர் அவர்களில் எவரும் சொல்ல இயலாது.